நாலு பேர் பேச ஒரு ரோபோ

ஜப்பானில் தொயோஹாஷி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் பணியாற்றியவர் மிச்சியோ ஒகாதா. அவருடைய ஆய்வகத்தில் உருவான குப்பைத்தொட்டி ரோபோ ஒன்றுக்குச் சக்கரம் உண்டு, கை கிடையாது. கீழே குப்பை கிடந்தால் தள்ளாடித் தள்ளாடி அதன் அருகே போய் நிற்கும். உடம்பை ஆட்டிக்கொண்டு சுற்றியிருப்பவர்கள் பக்கம் திரும்பும். அதற்குமேல் அதனால் ஒன்றும் ஆகாது. பக்கத்தில் நிற்கும் பிள்ளைகளில் யாராவது குனிந்து எடுத்து உள்ளே போட்டால், முன்பக்கம் சாய்ந்து ஒரு வணக்கம் வைத்துவிட்டு நகர்ந்துவிடும்.

நம் ஊர்ப் பொறியியல் கல்லூரியில் இதை இறுதியாண்டு ப்ராஜெக்டாகக் கொண்டுபோனால் வைவாவில் முதல் கேள்வியே "கை எங்கேப்பா?" என்பதாகத்தான் இருக்கும். கை வைக்காமல் விட்டது தெரிந்தே எடுத்த முடிவு. கை இருந்தால் ரோபோ பொறுக்கும், பிள்ளைகள் வேடிக்கை பார்ப்பார்கள். இல்லாததால் பிள்ளைகள் வேலைக்குள் வந்துவிடுகிறார்கள். இந்த வகையைப் "பலவீனமான ரோபோ" என்கிறார் ஒகாதா. அதே ஆய்வகத்தின் இன்னொரு ரோபோ பிள்ளைகளுக்கு மொமொதாரோ கதை சொல்லும். பீச் பழத்துக்குள்ளிருந்து பிறந்த பையனின் கதை அது. ஜப்பானில் தெரியாத பிள்ளை இருக்காது. நடுவில் ஒரு முக்கியமான சொல்லை மறந்துவிட்டு, "அது வந்து... என்னது அது..." என்று இழுக்கும். கேட்கிற பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் எடுத்துக்கொடுப்பார்கள்.

ரோபோவோடு மனிதர் பேசுவதைப் பற்றிச் செய்தி வராத நாளே இப்போது இல்லை. நான் இங்கே சொல்லப்போவது அதைப் பற்றி அல்ல. ரோபோ ஒன்று பக்கத்தில் இருப்பதால் மனிதரும் மனிதரும் கூடுதலாக, சுலபமாகப் பேசிக்கொள்ளும்படி செய்வது எப்படி என்பதுதான் விஷயம். இதற்குப் பெரிய மூளை வேண்டாம். இரண்டு மோட்டார், சில மைக், கொஞ்சம் பொறுமை போதும். மின்னணுச் சாமான்களில் கொஞ்சம் கைப்பழக்கம் உள்ள பள்ளி மாணவர்கூட ஒரு மாதிரியைச் செய்து பார்க்கலாம்.

பேசுவதில் என்ன சிரமம்?

முதலில் பேச்சு எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். 2009இல் பத்து மொழிகளில் அன்றாட உரையாடல்களைப் பதிவு செய்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். (அந்தப் பத்தில் தமிழ் இல்லை.) ஒருவர் கேள்வி கேட்டு முடித்ததற்கும் மற்றவர் பதில் தொடங்கியதற்கும் நடுவே இருந்த இடைவெளி சராசரியாக 200 மில்லிவினாடி அளவில்தான் இருந்தது, அதாவது ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. மொழிக்கு மொழி வித்தியாசம் இருந்தாலும் அது இந்த அளவைச் சுற்றியேதான் இருந்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், ஒரு படத்தைப் பார்த்து அதன் பெயரைச் சொல்வதற்கே மூளைக்கு ஏறக்குறைய 600 மில்லிவினாடி வேண்டும். அப்படியானால் எதிராளி பேசி முடிக்கும் முன்பே நாம் அடுத்து சொல்வதைத் தயார் செய்துகொண்டு, அவர் எப்போது முடிப்பார் என்று கணித்து, சரியான நேரத்தில் உள்ளே புகுகிறோம். எல்லோரும் தினமும் செய்கிற வேலை, ஆனால் லேசான வேலை இல்லை.

திக்குவாய் உள்ளவருக்கு, நினைவு மங்கத் தொடங்கிய முதியவருக்கு, ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு, தாய்மொழி அல்லாத மொழியில் பேச வேண்டியவருக்கு, வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வாரமே மீட்டிங்கில் உட்கார்ந்திருக்கும் புதியவருக்கு அந்த 200 மில்லிவினாடி போதாது. அவர்கள் வாயைத் திறப்பதற்குள் வேறொருவர் புகுந்துவிடுவார். இப்படி நாலு முறை நடந்தால் ஐந்தாவது முறை முயற்சியே இருக்காது. "அவருக்குப் பேச வராது" என்று மற்றவர்களும் முடிவு கட்டிவிடுவார்கள்.

எனவே பேச்சை எளிதாக்குவது என்றால் நடைமுறையில் சில சின்ன வேலைகள்தான். இடைவெளியைச் சற்று நீட்டித் தருவது. பேசாதவர் பக்கம் மற்றவர்களின் கவனத்தைத் திருப்புவது. பேசுவதற்குக் கண்முன்னே ஏதாவது ஒன்றைத் தருவது. முதலில் தப்பு செய்துகாட்டி மற்றவர்களின் கூச்சத்தைப் போக்குவது. நல்ல கூட்டத் தலைவர் ஒருவர் இதையெல்லாம் செய்வார். அவர் இல்லாத இடத்தில் ஒரு கைக்குழந்தை இருந்தாலும் நடக்கும். சொந்தக்காரர் வீட்டில் முகம் கொடுக்காமல் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேர் நடுவே ஒரு வயதுக் குழந்தையை விட்டுப் பாருங்கள். அது ஒரு வார்த்தை பேசாது. ஆனால் "பல்லு முளைச்சிடுச்சா?" என்று ஒருவர் கேட்க, "ரெண்டு வந்திருக்கு" என்று மற்றவர் சொல்ல, பத்து நிமிடத்தில் பேச்சு எங்கேயோ போய்விட்டிருக்கும். மனிதரோடு பழகுவதற்கென்றே செய்யப்படும் ரோபோவைச் சமூக ரோபோ என்பார்கள். எளிய சமூக ரோபோ எட்டிப்பிடிக்க நினைப்பது அந்தக் குழந்தையின் இடத்தைத்தான்.

மஞ்சள் நிறத்தில் ஒரு பொம்மை

கீப்போன் என்ற ரோபோவை நான் இந்தத் துறையின் அரிச்சுவடி என்பேன். ஹிதேகி கொசிமா என்ற ஜப்பானிய ஆய்வாளர் உருவாக்கியது. உயரம் 12 சென்டிமீட்டர். இரண்டு உருண்டையை ஒன்றின்மேல் ஒன்று வைத்த மாதிரி மஞ்சள் சிலிகோன் ரப்பர் உடம்பு. கண் இருக்கும் இடத்தில் இரண்டு சிறு கேமரா, மூக்கில் மைக். வாய் கிடையாது, கை கால் கிடையாது, புருவம்கூடக் கிடையாது.

அதனால் செய்ய முடிவது நாலே அசைவு. தலையாட்டும், இடவலமாகத் திரும்பும், பக்கவாட்டில் சாய்ந்தாடும், மேலும் கீழும் குதிக்கும். மோட்டார்கள் எல்லாம் கீழே உள்ள கறுப்பு உருளைக்குள். அங்கிருந்து கம்பிகள் மேலே போய் உடம்பை உள்ளிருந்து இழுக்கும். அதனால் மேல் உடம்பைத் தொட்டால் மெத்தென்றிருக்கும், அமுக்கினால் அமுங்கும்.

இந்த நாலு அசைவையும் கொசிமா இரண்டு வேலையாகப் பிரித்தார். தலையைத் திருப்பி ஒன்றைப் பார்ப்பது கவனத்தைக் காட்டுகிறது: "நான் இப்போது இதைப் பார்க்கிறேன்." குதிப்பதும் ஆடுவதும் உணர்ச்சியைக் காட்டுகின்றன: "எனக்கு இது பிடித்திருக்கிறது." உரையாடலின் அடித்தளம் இவ்வளவுதான் என்பது அவர் வாதம். குழந்தைகள் முதல் வயது முடிகிற சமயத்தில், பேச்சு வருவதற்கு முன்பே, அம்மா பார்க்கும் திசையில் தானும் பார்க்கவும், ஒரு பொருளைப் பார்த்துவிட்டு அம்மா முகத்தைப் பார்க்கவும் கற்றுக்கொள்கின்றன. இதைக் கூட்டுக் கவனம் என்பார்கள். ஆட்டிசம் உள்ள பல குழந்தைகளுக்குச் சிரமமாக இருப்பது இந்த இடம்தான். மனித முகத்தில் ஒரே நேரத்தில் அசையும் சங்கதிகள் மிக அதிகம். கீப்போனின் முகத்தில் கவனிக்க வேண்டியது ஒன்றோ இரண்டோதான்.

சிறு குழந்தைகளுக்கான சிகிச்சை மையம் ஒன்றில் இந்தப் பொம்மையை மற்ற விளையாட்டுச் சாமான்களோடு வைத்துவிட்டு மாதக்கணக்கில் கவனித்தார்கள். சில குழந்தைகள் முதலில் எட்டவே நின்றார்கள். பிறகு கிட்டே வந்து தொட்டார்கள். அதன்பின் நடந்தது முக்கியம்: பொம்மை ஏதோ செய்ததைப் பார்த்துவிட்டு, "நீயும் பார்த்தாயா?" என்பதுபோல் அம்மா பக்கமோ சிகிச்சையாளர் பக்கமோ திரும்பிச் சிரித்தார்கள். குழந்தைக்கும் பொம்மைக்கும் இருந்த உறவு, குழந்தை, பொம்மை, அம்மா என்று முக்கோணமாகிவிட்டது. ரோபோவைத் தொலைவிலிருந்து இயக்கியது பெரும்பாலும் ஒரு மனிதர்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த உத்திக்குப் பின்னால் வருவோம்.

இவ்வளவு குறைந்த அசைவில் மனிதர்கள் எப்படி இவ்வளவு அர்த்தம் கண்டுபிடிக்கிறார்கள் என்று ஆச்சரியப்பட வேண்டாம். நம் மனசு அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது. 1944இல் ஃபிரிட்ஸ் ஹைடர், மரியான் சிம்மல் என்ற இரு உளவியலாளர்கள் இரண்டு முக்கோணமும் ஒரு வட்டமும் நகரும் சின்ன அசைபடம் ஒன்றைக் காட்டி, என்ன பார்த்தீர்கள் என்று கேட்டார்கள். பார்த்தவர்கள் முரடன் துரத்தினான், சின்னவன் பயந்து ஓடினான், வீட்டுக்குள் ஒளிந்தாள் என்று கதையாகவே சொன்னார்கள். வடிவங்கள் நகர்ந்தன என்று மட்டும் சொன்னவர் அபூர்வம். ரோபோ வடிவமைப்பாளருக்கு இது பெரிய வரம். முக்கால்வாசி வேலையைப் பார்ப்பவர் மனசே செய்துவிடும். நாம் அதைக் கெடுக்காமல் இருந்தால் போதும்.

தப்பு ஒப்புக்கொள்ளும் ரோபோ

2020இல் யேல் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனை ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. மூன்று மனிதர், ஒரு சிறிய ரோபோ. நால்வரும் டேப்லெட்டில் ரயில் பாதை அமைக்கும் விளையாட்டை 30 சுற்று சேர்ந்து ஆட வேண்டும். இப்படி 51 குழு. எல்லாக் குழுவிலும் ரோபோ ஒரே மாதிரிதான் ஆடியது. வித்தியாசம் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் அது சொன்னதில்தான். சில குழுக்களில் அது ஒன்றும் சொல்லவில்லை. சில குழுக்களில் எத்தனை சுற்று முடிந்தது என்பது போன்ற பொதுவான தகவலைச் சொன்னது. மற்றக் குழுக்களில் மனசைத் திறந்து பேசியது: இந்தச் சுற்றில் தப்பு என்னுடையது, மன்னியுங்கள் என்றது, சின்ன நகைச்சுவை சொன்னது, தன்னைப் பற்றி ஒரு கதை சொன்னது.

அப்படிப் பேசிய ரோபோ இருந்த குழுக்களில் மனிதர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டது கணிசமாகக் கூடியது. கவனியுங்கள், ரோபோவோடு பேசியதை நான் சொல்லவில்லை. பேச்சும் மூவருக்கும் ஓரளவு சமமாகப் பகிர்ந்தது. தகவல் மட்டும் சொன்ன ரோபோவால் இந்த விளைவு வரவில்லை. எனவே "ரோபோ ஏதாவது பேசிக்கொண்டிருந்தால் சூழல் கலகலப்பாகிவிடும்" என்ற எண்ணத்தைக் கழற்றி வைத்துவிடலாம். ஏதாவது பேசுவது பேசாமலிருப்பதைவிடப் பெரிதாக உதவவில்லை. தன் தவறை ஒப்புக்கொண்டு, இப்படி மனசைத் திறந்து பேசியதுதான் மற்றவர்களின் வாயைத் திறந்தது. ஒரு மேலாளரோ ஆசிரியரோ இதைப் படித்தால் ரோபோ வாங்காமலேயே பலன் அடையலாம்.

முதியோர் இல்லங்களில் பாரோ என்ற ரோபோவும் இதே பாதையில் வருவதுதான். ஜப்பானின் தகனோரி ஷிபதா 1993 முதல் உருவாக்கி, 2005இல் விற்பனைக்கு வந்த வெள்ளைச் சீல் (கடல்நாய்) குட்டிப் பொம்மை அது. அமெரிக்காவில் 2009இல் இதை மருத்துவச் சாதனமாகவே ஏற்றுக்கொண்டார்கள். தடவினால் தலையைத் தூக்கும், முனகும், கண்ணை மூடும். ஏன் சீல்? முதலில் நாய், பூனை என்றுதான் யோசித்தார்கள். ஆனால் பூனை எப்படி நடந்துகொள்ளும் என்று எல்லோருக்கும் தெரியும். ரோபோப் பூனை உடனே மாட்டிக்கொள்ளும். சீல் குட்டியை மடியில் வைத்துப் பழகியவர் யார் இருக்கிறார்கள்? ஒப்பிடவே ஆளில்லை. முதியோர் இல்லத்தின் பொது அறையில் பகல் முழுவதும் பாரோவை வைத்துப் பார்த்த ஆய்வில், அதைச் சுற்றி உட்கார்ந்த முதியவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது கூடியிருந்தது. அதே பாரோவைத் தனியறையில் ஒருவர் மடியில் மட்டும் விட்டுவிட்டுப் போனால் மனசுக்கு ஆறுதல் கிடைக்கலாம், ஆனால் பேச்சு பிறக்காது. பொருள் ஒன்றுதான், வைக்கும் இடம் அதன் வேலையையே மாற்றிவிடுகிறது. முதியவரைப் பார்த்துக்கொள்ள ஆள் வைப்பதற்குப் பதிலாகப் பொம்மை கொடுப்பதா என்ற சண்டை இன்றும் ஓயவில்லை. என் சாய்வு எந்தப் பக்கம் என்று இதற்குள் தெரிந்திருக்கும்.

முகமே வேண்டாம்

சிலர் இன்னும் ஒரு படி இறங்கினார்கள். இஸ்ரேலில் ஹெர்ஸ்லியாவில் கய் ஹாஃப்மனும் கூட்டாளிகளும் செய்த கிப்1, மேசையோரத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு சின்னச் சாதனம். 2015இல் அதைப் பற்றி எழுதினார்கள். இருவர் பேசும்போது சொற்களை அது கவனிப்பதில்லை. குரலின் உரப்பு, நேரம் போன்றவற்றை மட்டும் பார்க்கும். பேச்சு அமைதியாகப் போனால் ஆர்வத்தோடு நிமிரும். குரல் உயர்ந்து சண்டை ஆகிறபோது ஒடுங்கி நடுங்கும். திட்டிக்கொண்டிருக்கும் கணவனும் மனைவியும் ஓரத்தில் ஒன்று நடுங்குவதைப் பார்த்தால் கொஞ்சம் குரலைத் தாழ்த்துவார்கள் என்பது எண்ணம். கார்னெல் பல்கலைக்கழகத்தில் 2019இல் வந்த மைக்பாட்டோ வெறும் மைக்கேதான். மீட்டிங் மேசை நடுவில் நிற்கும் அது பேசுபவர் பக்கம் திரும்பும். யாராவது வெகுநேரம் பேசாமலிருந்தால் அவர் பக்கம் திரும்பி நிற்கும். அது இருந்த குழுக்களில் பேச்சு கூடுதல் சமமாகப் பகிர்ந்தது, கொடுத்த பணியையும் நன்றாக முடித்தார்கள்.

தமிழ் வீட்டில் வைப்பதற்கு ஒன்றைச் செய்ய நினைப்பவருக்கு இந்த வழி கூடுதல் வசதி. பாதித் தமிழ், பாதி ஆங்கிலம், நடுவில் வட்டார வழக்கு, ஒரே நேரத்தில் மூன்று பேர் என்று போகும் நம் பேச்சை எழுத்தாக மாற்றுவது கணினிக்குச் சிரமமான வேலை. யார், எவ்வளவு நேரம், எவ்வளவு உரக்கப் பேசினார் என்பதைக் கணக்கிட மொழியே தெரிய வேண்டியதில்லை.

ஒன்றைச் செய்து பார்ப்போமா?

நாலு மாணவர்கள் வட்டமாக உட்கார்ந்து ஒரு விஷயத்தை விவாதிக்கும் மேசை என்று வைத்துக்கொள்வோம். நம் ரோபோவின் வேலை: பேச்சு ஒருவரிடமே தங்கிவிடாமல் பார்த்துக்கொள்வது. "எல்லோருக்கும் உதவும் ரோபோ" என்று தொடங்கினால் ஒன்றும் முடியாது. இப்படி ஒரே இடம், ஒரே வேலை என்று சுருக்கிக்கொள்ள வேண்டும்.

சாமான்: ராஸ்பெரி பை மாதிரி ஒரு சின்னக் கணினி, வட்டமாக நாலு மைக் பதித்த பலகை, இரண்டு சர்வோ மோட்டார் (சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் சிறு மோட்டார்), ஒன்று இடவலம் திரும்ப, ஒன்று தலையசைக்க, மேலே போர்த்த ஏதாவது. ஒலி ஒவ்வொரு மைக்கையும் அடையும் நேரத்தில் உள்ள மிகச் சிறிய வித்தியாசத்தை வைத்து அது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கலாம். இதற்கான நிரல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

போர்வை விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம், ஆடம்பரமும் வேண்டாம். ஹாஃப்மன் பின்னர் கார்னெலுக்குப் போய் மைக்கேல் சுகுய்தான் என்பவரோடு சேர்ந்து செய்த பிளாசம் ரோபோவுக்கு வெளியே கம்பளி நூலில் கையால் பின்னிய உறை, உள்ளே நூலும் எலாஸ்டிக்கும். யார் வேண்டுமானாலும் தங்கள் விருப்பப்படி உறை பின்னிப் போடலாம். பிளாஸ்டிக் மனித முகம் ஒன்றை ஒட்டிவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். மனிதனைப் போலவே இருந்தும் முழுதாக இல்லாத உருவம் பார்ப்பவருக்கு அருவருப்பைத் தரும் என்று மசாஹிரோ மோரி 1970லேயே எழுதிவிட்டார். மேலும், மனித முகம் வைத்தால் மனித அறிவையும் எதிர்பார்ப்பார்கள்.

அடுத்து நடத்தை. கீழே உள்ள எண்கள் தொடக்கத்துக்கு நான் வைப்பவை; உங்கள் மேசைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். பேசுபவர் பக்கம் திரும்ப வேண்டும், ஆனால் உடனே வெடுக்கென்று அல்ல. அரை நொடி தாமதித்து, மெதுவாகத் தொடங்கி மெதுவாக நிற்க வேண்டும். கடந்த ஐந்து நிமிடத்தில் யார் எவ்வளவு பேசினார் என்ற கணக்கு ஓடிக்கொண்டே இருக்கட்டும். ஒரு நொடிக்கு மேல் மௌனம் விழுந்தால், மிகக் குறைவாகப் பேசியவர் பக்கம் திரும்பி இரண்டு நொடி நிற்கட்டும். அவர் பேசாவிட்டால் இயல்பாக வேறு பக்கம் திரும்பிவிட வேண்டும். அடுத்த மூன்று நிமிடத்துக்கு அவரைத் தொந்தரவு செய்யக் கூடாது.

இந்தக் கடைசி விதியைப் பலரும் விட்டுவிடுவார்கள். பார்வை சக்தி வாய்ந்தது. பில்கே முட்லுவும் உடன் ஆய்வாளர்களும் 2009இல் காட்டியது இது: ரோபோ யாரைப் பார்த்துப் பேசுகிறதோ அவர் உரையாடலில் பங்கெடுக்கிறார், பார்வை படாதவர் பெரும்பாலும் ஒதுங்கியே நிற்கிறார். ஒரு பார்வையால் ஒருவரை உள்ளே இழுக்க முடியுமென்றால், நிலைகுத்திய பார்வையால் அவரைக் கூனிக்குறுகவும் வைக்க முடியும். கூச்சப்படுகிறவரை எல்லோர் முன்னும் ஓர் இயந்திரம் முறைத்துக்கொண்டே இருந்தால் அடுத்த வாரம் அவர் வரவே மாட்டார்.

இரண்டு நடைமுறைத் தொல்லைகளை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மலிவான சர்வோ திரும்பும்போது கர்ரென்று சத்தம் போடும். பக்கத்தில் இருக்கும் மைக் அதையே பேச்சு என்று எடுத்துக்கொண்டு, ரோபோ தன் சத்தத்தைத் தானே திரும்பிப் பார்க்கத் தொடங்கும். மோட்டார் ஓடும் நேரத்தில் மைக் தரும் தகவலைக் கணக்கில் எடுக்காமல் விடுங்கள், அல்லது மைக் பலகையைத் தனியே தள்ளி வையுங்கள். மோட்டாருக்கும் கணினிக்கும் ஒரே மின்சாரம் கொடுத்தால், மோட்டார் இழுக்கும் நேரத்தில் கணினி அணைந்து மறுபடி உயிர்பெறும். தனித்தனியே கொடுத்துவிடுவது நல்லது.

ம் கொட்டத் தெரிய வேண்டுமா?

ரோபோவுக்கு ஓர் ஒலியாவது வேண்டும் என்று தோன்றினால், என் தேர்வு "ம்". பாட்டியிடம் கதை கேட்டவர்களுக்கு இது தெரியும். "ம் கொட்டினாத்தான் சொல்லுவேன்" என்பாள். ம் நின்றால் பேரன் தூங்கிவிட்டான் என்று கதையும் நின்றுவிடும். கேட்பவர் போடும் இந்தச் சின்ன ஒலிதான் பேசுபவரைத் தொடர்ந்து பேசவைக்கிறது.

எப்போது போடுவது என்பதுதான் கேள்வி. நைஜல் வார்ட் என்ற ஆய்வாளர் 2000ஆம் ஆண்டில் ஜப்பானிய, ஆங்கில உரையாடல்களை ஆராய்ந்து ஒரு சுருக்கமான விதியைத் தந்தார். பேசுபவரின் குரல் சுருதி 110 மில்லிவினாடி தாழ்ந்தே இருந்தால், கேட்பவர் சற்றுப் பொறுத்து ம் கொட்ட ஏற்ற இடம் அது. சொன்னது என்ன என்று ரோபோவுக்குப் புரிய வேண்டிய அவசியமில்லை. தமிழுக்கு இதே எண் பொருந்துமா என்பதை உங்கள் வீட்டுப் பேச்சையே பதிவு செய்து சரிபார்க்கலாம். நல்ல ப்ராஜெக்டும் ஆகும். தப்பான இடத்தில் விழும் ம், குறுக்கே பேசுவதைவிட எரிச்சலூட்டும். சரியாக வரும்வரை வெறும் தலையசைப்போடு நிறுத்திக்கொள்வதே மேல்.

திரைக்குப் பின்னால் ஒரு ஆள்

நிரல் எழுத உட்காரும் முன் ஒரு வேலை இருக்கிறது. அட்டையில் ஒரு ரோபோ செய்து, பொம்மலாட்டம்போல் நூல் கட்டியோ ரிமோட் வைத்தோ நீங்களே மறைவில் உட்கார்ந்து இயக்குங்கள். நான்கு நண்பர்களைப் பேசச் சொல்லுங்கள். கீப்போனை மனிதர் இயக்கியதாகச் சொன்னேனே, அதே உத்திதான். துறையில் இது ஏற்றுக்கொள்ளப்பட்ட வழிமுறை. எப்போது திரும்பினால் சரியாக இருக்கிறது, எப்போது அசடு வழிகிறது என்று ஒரு மணி நேரத்தில் கை சொல்லிக்கொடுத்துவிடும். ஆறு மாதம் நிரல் எழுதிவிட்டு அதைத் தெரிந்துகொள்வதைவிட இது லாபம். சோதனைக்கு முன்பே சம்மதம் வாங்குங்கள், முடிந்ததும் உள்ளே ஆள் இருந்த உண்மையைச் சொல்லிவிடுங்கள்.

மைக் உள்ள பொருளை மேசையில் வைக்கும்போது இன்னொரு கடமையும் சேர்கிறது. ஒலியைச் சேமிக்கவே வேண்டாம். யார் எத்தனை நொடி பேசினார் என்ற எண்ணை எடுத்துக்கொண்டு ஒலியை அந்த நொடியே அழித்துவிடலாம். இணையமும் தேவையில்லை. இணையத்தை நம்பிய ரோபோக்களின் கதி நமக்குத் தெரிந்ததுதான். சிந்தியா பிரசீல் தொடங்கிய ஜிபோ 2014இல் பொதுமக்களிடமிருந்தே 30 லட்சம் டாலருக்கு மேல் திரட்டி, 2017இல் வீடுகளுக்கு வந்தது; 2019இல் தன் சர்வர்கள் நிறுத்தப்படப் போவதைத் தானே வீட்டாரிடம் சொல்லி விடைபெற்றது. குழந்தைகளுக்கான மாக்ஸி ரோபோவைச் செய்த நிறுவனம் 2024 டிசம்பரில் மூடப்போவதாக அறிவித்தபோது, அந்த 799 டாலர் தோழன் இனிப் பேசமாட்டான் என்று பெற்றோர் தங்கள் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டி வந்தது. மேசையில் தலையாட்டும் நம் பெட்டிக்கு அந்த ஆபத்து இல்லை.

எப்படி அளப்பது?

"ரோபோ பிடித்ததா?" என்று கேட்காதீர்கள். முதல் நாள் எல்லோரும் பிடித்தது என்றுதான் சொல்வார்கள். செல்ஃபி எடுப்பார்கள். புதுசின் மோகம் இரண்டு மூன்று வாரத்தில் தணியும், அதற்குப் பின் எடுக்கும் கணக்கே கணக்கு. ஒவ்வொருவரும் பேசிய நேரம், ஒருவர் பேச்சை இன்னொருவர் தொட்டுத் தொடர்ந்தது எத்தனை முறை, கண்கள் ரோபோ மேல் இருந்ததா, மனிதர் மேல் இருந்ததா: இவை மூன்றும் போதும். ரோபோவைப் பற்றியே எல்லோரும் பேசிக்கொண்டிருந்தால் இன்னும் அசைவைக் குறைக்க வேண்டும் என்று அர்த்தம்.

யேலின் இன்னொரு குழு 2018இல் ஆட்டிசம் உள்ள 12 குழந்தைகளின் வீடுகளில் ஒரு ரோபோவை ஒரு மாதம் விட்டு வைத்தது. தினமும் அரை மணி நேரம், குழந்தையும் ரோபோவும் வீட்டுப் பெரியவர் ஒருவரும் சேர்ந்து விளையாட வேண்டும். நடுநடுவே ரோபோ பெரியவரைத் திரும்பிப் பார்க்கும், குழந்தையும் பார்க்கும். மாத முடிவில் மதிப்பீடு செய்தபோது ரோபோவை அறையில் வைக்கவில்லை. அது இல்லாத இடத்திலும் குழந்தைகள் பெரியவர்களோடு கவனத்தைப் பகிர்ந்துகொள்வது முன்னேறியிருந்தது.

உங்கள் மேசைக்கும் இதே முறையைப் பின்பற்றலாம். ரோபோ இல்லாமல் ஒரு வாரம், ரோபோவோடு நாலு வாரம், மறுபடி இல்லாமல் ஒரு வாரம் என்று பதிவு செய்யுங்கள். முதல் வாரத்தையும் கடைசி வாரத்தையும் பக்கத்தில் வைத்து, அந்தப் பேசாத மாணவர் எத்தனை நொடி பேசியிருக்கிறார் என்று பாருங்கள்.